ஓ குரூப்புக்கு ஒன்றும் ஆகாது

செவ்வாய்க்கிழமை காலை, செங்கம் சாலையில் நான் இப்போது வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில், ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் எழுதி வைத்துவிட்டுத்தான் பேசினேன். ரஹ்மத் அக்காவின் மகள் சல்மா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில மூச்சு ரொம்ப வாங்குச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..."

ரஹ்மத்துன்னிசா என்ற முழுப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. நமக்கெல்லாம் அவர் ரஹ்மத் அக்கா. நம் பழைய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் பல வருடங்கள் அவருடைய பக்கத்து நாற்காலி என்னுடையது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவரைக் கொரோனா வார்டுக்குள் அனுப்பியது மேலாளர் என்று உங்களுக்குத் தெரியும். அதில் எனக்கிருந்த பங்கு தெரியாது.

நோய் பரவத் தொடங்கியிருந்த நாட்கள். கேன்டீனில் டீ குடிக்கும்போது, போனில் வந்த ஒரு செய்தியை நான் சத்தமாகப் படித்தேன். ஓ குரூப் ரத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கிருமி அவ்வளவாகத் தொற்றுவதில்லை, ஏ குரூப்காரர்கள் ஜாக்கிரதை என்று இருந்தது. "அக்கா, உனக்கு ஒண்ணும் ஆகாது. நான்தான் மாட்டுனேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். பின்னால் கையில் டம்ளரோடு மேலாளர் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் வார்டில் ரத்த மாதிரி எடுக்கும் பணிக்கு அக்காவின் பெயர் வந்தது.

பத்து நாள் வார்டு, ஏழு நாள் மாடி அறையில் தனிமை, பிறகு வீடு என்றார்கள். தனிமை முடிந்த அன்றே, "வேற யாரும் போக மாட்டேங்கிறாங்கம்மா. நீங்க ஓ தானே" என்று மறுபடியும் உள்ளே அனுப்பினார்கள். அப்படி மூன்று முறை. வேங்கிக்காலில் இருந்த வீட்டுக்கு அவர் இரண்டு மாதமாகப் போகவில்லை. அந்த மாடி அறையின் ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். கண்ணாடி வழியாக மலை தெரியும். பௌர்ணமியிலும் ஆளில்லாமல் கிடந்த கிரிவலப் பாதையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். "குரூப்பை ஐடி கார்டுலயே அடிச்சுக் கழுத்துல மாட்டிட்டாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

ஒருநாள் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவரோடு பேசினேன். நான் படித்த செய்தியைப் பற்றி அவரே பேச்செடுத்தார். "எங்க ரத்தத்துல ஏ-க்கும் பி-க்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கு. அதனால கொஞ்சம் கம்மியா தொத்தலாம்னு சிலர் சொல்றாங்க. கம்மின்னா கம்மி, அவ்ளோதான். வரவே வராதுன்னு யாரு சொன்னது? காலரா வந்தா ஓ குரூப்புக்குத்தான் ஜாஸ்தி அடி. அதைச் சொன்னா என்னை வெளிய விடுவாங்களா?"

சொல்லிவிட்டுக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் வந்தார். பிறகு கேட்டார்.

"சேகரு, அடுத்த பத்து நாளு நீ வர்றியா? வீட்டுல அவருக்கு சுகர். கால்ல புண்ணு. நான்தான் கட்டு மாத்துவேன். சல்மா அதைப் பார்த்தாலே அழுவுறா. எனக்கு உள்ள பயமாவும் இருக்குடா."

நான் சொன்ன பதில் இதுதான்: "நான் ஏ குரூப் ஆச்சேக்கா."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா இல்ல" என்றார். உள்ளே போய்விட்டார்.

நான்காவது முறை போன ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. "ஓ தானே, லேசா வந்துட்டுப் போயிடும்" என்றார் மேலாளர். எந்த வார்டில் மாதிரி எடுத்தாரோ அதே வார்டில் ஆக்சிஜனோடு படுத்தார். உள்ளே போக வேறு ஆள் இல்லாததால் என்னை அனுப்பினார்கள். அக்காவின் கையில் ரத்தம் எடுத்ததும் நான்தான். பாதுகாப்பு உடை, கண்ணாடி, முகமூடி எல்லாவற்றையும் மீறி அடையாளம் கண்டுகொண்டார். "வந்துட்டியா?" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "மாஸ்க்கை ஏத்தி விடு. மூக்கு தெரியுது" என்றார்.

அலை ஓயும்வரை நான் அந்த வார்டில் வேலை பார்த்தேன். ஏ குரூப்காரனான எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அக்கா உயிரோடு வீடு திரும்பினார். ஆனால் நுரையீரல் பழைய நிலைக்கு வரவேயில்லை. அதற்குள் அவர் கணவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள். பிறகு அக்கா ரிப்போர்ட் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்ததும், பாதிப் பேச்சில் நிறுத்தி மூச்சு எடுத்ததும் நீங்கள் பார்த்ததுதான்.

நான் வேலை மாறுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய், கேன்டீனில் படித்ததையும் கதவருகே சொன்னதையும் எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"நீ படிச்சது பொய் இல்ல. ஆயிரம் பேரைப் பத்திச் சொன்னதை என் ஒருத்தி தலையில வச்சுட்டீங்க, அதான் தப்பு. மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு நீயும் பயந்த, நானும் பயந்தேன். உன் பயத்தை எல்லாரும் நம்புனாங்க. என் பயத்தை ஒருத்தரும் நம்பல."

அடக்கம் முடிந்து வெளியே நின்றபோது சல்மா கேட்டாள், "அம்மாவை மட்டும் ஏன் அங்கிள் திரும்பத் திரும்ப உள்ள அனுப்பினாங்க?" முதலில் மேலாளரைச் சொன்னேன். பிறகு, "தனக்குப் பதிலா வரச் சொல்லி உங்கம்மா என்னைக் கேட்டாங்கம்மா. நான் வரலைன்னுட்டேன்" என்றேன். அவள் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனாள்.

மருத்துவமனை வாசலில் அக்காவின் படத்தோடு ஒரு பேனர் வைத்திருக்கிறார்கள். 'அஞ்சாத நெஞ்சம்' என்று அதில் எழுதியிருக்கிறது. அவரை அறிந்த நீங்களாவது அதை அப்படியே ஏற்க வேண்டாம். ரஹ்மத் அக்கா பயந்தார். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்டவன் நான். அவரிடமிருந்து என்னோடு இருப்பது அந்தப் பயம்தான். அன்று நம்ப மறுத்ததை இன்று முழுமையாக நம்புகிறேன்.