ஒப்பீட்டு ஊர்

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளக் காப்பகங்கள் நடத்தும் ஒரு சின்ன டிரஸ்ட்டில் நான் களப் பொறுப்பாளர். நன்கொடை கொடுப்பவர்களுக்கு முன்னெல்லாம் இரண்டு போட்டோவும் ஒரு நன்றிக் கடிதமும் போதும். இப்போது ஆதாரம் வேண்டுமாம். காப்பகம் வந்தால் என்ன மாறுகிறது என்று தெரிய, காப்பகம் வராத ஊர் ஒன்றும் வேண்டுமாம். அதற்குப் பெயர் ஒப்பீட்டு ஊர்.

இதையெல்லாம் சொல்ல ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். நல்ல பெண், அதில் குறை சொல்ல மாட்டேன். மஞ்சக்குட்டைக்கு அப்பால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாள். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பணம் ஒதுக்கியாயிற்று. ஆனால் ஒன்றில் இப்போது திறப்போம், மற்றதில் ஆராய்ச்சி முடிந்த பிறகு. அதை ஊரில் சொல்லிவிடாதீர்கள், எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டால் முடிவு கெட்டுவிடும் என்றாள். எந்த ஊர் என்பதும் குலுக்கலில்தான் வர வேண்டும். லேப்டாப்பைத் திறந்தாள்.

ஒரு ஊருக்குத்தான் காப்பகம் என்று மட்டும் சொன்னோம், லேப்டாப் குலுக்கலுக்கு ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருங்க பாத்தா? மாரியாத்தா கோயில்ல பூக் கேட்டுப் பாத்துருவோம்ங்க" என்றார்கள். கல்யாணமோ கிணறோ, அங்கே அப்படித்தான். வெள்ளை அரளி வந்தால் மேலூருக்கு, சிவப்பு வந்தால் கீழூருக்கு. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார்கள். ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுவும் குலுக்கல்தானே என்று ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு ஏக சந்தோஷம், வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தாள்.

எடுத்தது கீழூர்ப் பிள்ளை, நாலாம் வகுப்பு. பிரித்தால் வெள்ளை. கீழூர்ப் பெண்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். "ஆத்தாளே சொல்லிட்டா, அப்பறம் என்னங்க" என்றாள். சண்டையில்லாமல் முடிந்ததே, அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மேலூரில் காப்பகம் திறந்தோம். கீழூருக்கு நான் அளக்கப் போனேன். குழந்தைகளை எடை போட்டு, தாய்மார்களிடம் கேள்வி கேட்டு, டேப்லெட்டில் பதிய வேண்டும். அந்த அம்மாவிடம், வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்று முதல் தடவை கேட்டபோது, "பக்கத்து ஊட்ல உட்டுட்டுப் போறேங்க" என்றாள். அடுத்த தடவை, "மூத்தவதானுங்க. பக்கத்து ஊட்டுக்காரியும் காப்பி பறிக்க வந்துட்டா" என்றாள்.

"பள்ளிக்கூடம்?" அடுத்த கேள்வி அதுதான், டேப்லெட்டிலேயே இருந்தது.

"நிறுத்திட்டேங்க. அவளுக்குப் படிப்புன்னா நொம்ப ஆசைதான். என்ன பண்றதுங்க?"

'இடைநிற்றல்' என்பதைத் தொட்டேன். பச்சை டிக் விழுந்தது. பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. வலித்திருக்க வேண்டும், வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. அந்த ஒரு குழந்தையை மட்டும் மேலூரில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஆராய்ச்சி கெட்டுப்போகும் மேடம் என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது.

முடிவு பிரமாதமாக வந்தது. காப்பகம் இல்லாத ஊரில் மூத்த பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். நன்கொடை கொடுப்பவர்கள் கைதட்டினார்கள். கீழூர்ப் பிள்ளை ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளியாக அந்தப் படத்தில் இருந்திருக்கும். எனக்கு எரிச்சலாக வந்தது. வந்த வேகத்தில் அதுவும் போய்விட்டது. நானும் கைதட்டினேன்.

போன மாதம் கீழூருக்குப் போய், இனி உங்களுக்கும் காப்பகம் உண்டு என்றேன். அந்த அம்மா, "ஏனுங்க, திடீர்னு பணம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"பணம் அப்பவே ஒதுக்கினதுதாம்மா." வாயில் வந்துவிட்டது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஆத்தா சொன்னான்னுதானுங்க மனசத் தேத்திக்கிட்டோம். பணம் இருந்துச்சுன்னா, எங்களுக்கு இல்லைன்னு அன்னைக்குச் சொன்னது யாருங்க?"

தம்பி பால்வாடிக்குப் போக ஆரம்பித்துவிட்டான். மூத்தவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை, சீசனில் அம்மாவோடு காப்பி பறிக்கப் போகிறாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"மேடம், இந்த வாட்டி வேற யாரயாச்சும் பூ எடுக்கச் சொல்லுங்க. என் கை ராசியில்லைங்க."