பானை உடைக்காத வீரன்

கல்யாணமாகி நல்லூரிலிருந்து விருத்தாசலத்துக்கு வந்த புதிதில், என் கணவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. "சாப்ட்டியா", "கதவ சாத்திக்கோ", "போயிட்டு வரேன்". பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை அவருக்கு. அங்கே பேச்சுக் கொடுத்தால் கவனம் சிதறும், சரக்கு உடையும். அந்த மௌனத்தை டிபன் பாக்ஸோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். எனக்கோ வாயை மூடினால் தலை வலிக்கும். இந்த மனிதரோடு காலத்தை எப்படி ஓட்டப்போகிறோம் என்று நிஜமாகவே பயந்தேன்.

ஊரில் செல்போன் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருந்த காலம் அது. குவைத்திலிருந்து லீவில் வந்த அவருடைய மங்கலம்பேட்டை சிநேகிதர், கையடக்கமான வீடியோ கேம் ஒன்றைக் கொடுத்தார். "திரும்பிப் போறப்ப வாங்கிக்கிறேன், அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஆடுங்க."

எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்தாம். ஒன்றும் விளங்கவில்லை, விளங்கத் தேவையும் இருக்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல ஒரு பாதாளக் கோட்டை தெரியும். நாம் ஆட்டுவிக்கிற வீரன் வாளோடு ஓர் அறைக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களைத் தீர்த்தால்தான் திறக்கும். முதல் அறையில் ஒரே ஒரு கேடயக்காரன். முன்னால் வெட்டினால் டங்கென்று தடுப்பான், சுற்றிப் போய் முதுகில் வெட்ட வேண்டும். அது நமக்குப் பிடிபட்டதும் அடுத்த அறையில் இரண்டு பேர், நடுவில் ஒரு பள்ளம். இதையெல்லாம் யோசித்து அமைத்தவன் எவனோ, நல்ல வாத்தியார். பிரம்பெடுக்காமலே சொல்லிக்கொடுத்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. வீரனின் வாளால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் சத்தம் மாறும். "இங்க விரிசல் இருக்குது, குண்டு வச்சுப் பாக்கலாம்" என்பார். சூளையிலிருந்து வந்த சரக்கைத் தட்டிப் பார்த்துப் பழகிய காது. சுவர் பிளந்து உள்ளே சாவி கிடைக்கும்போது எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால் கடைசி அறைக்குப் போகும்போதெல்லாம் வீரனுக்கு அரை உயிர்தான் மிச்சமிருக்கும். உள்ளே ஒரு பெரிய நண்டு. ஒரே இடி, ஆட்டம் முடிந்தது. சிநேகிதர் கிளம்பும் நாளும் நெருங்கியது. கேம் போய்விட்டால் பழையபடி தபால் கார்டுதான். நண்டைவிட அதுதான் எனக்குக் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நண்டு அறைக்கு முந்தின அறையில் வரிசையாகப் பானைகள். அவர் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தூக்கி, ஓரமாக இறக்கி வைத்து, வழி பண்ணிக்கொண்டு போனார். அடுக்கியிருந்த அழகுக்கு நாளைக்கே லாரியில் ஏற்றிவிடலாம்.

"இன்னாங்க, அத வெட்டித்தான் பாருங்களேன்."

"பானையவா? யாரு வச்சதோ, நமக்கு எதுக்கு?"

அவர்கள் குடும்பமே மண்ணைச் சுட்டுப் பிழைத்தது. கீறல் விழுந்த சட்டியைக்கூட உடைத்துப் போட மாட்டார்கள், செடி வைப்பார்கள். நான் விவசாயி வீட்டுப் பெண், எனக்கென்ன வந்தது? கேமைப் பிடுங்கி ஒரே வெட்டு.

"ஐயய்யோ!" பானையைப் பிடிக்க அவர் கை நிஜமாகவே நீண்டது. சில்லு சிதறிய இடத்தில் சிவப்பாக ஓர் இதயம் துள்ளியது. எடுத்தால் உயிர் கூடியது. அடுத்ததிலும் ஒன்று. கோட்டை கட்டியவன், சண்டைக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று வாசலிலேயே பந்தி போட்டு வைத்திருக்கிறான். நாங்கள் இலையை ஓரமாக நகர்த்திவிட்டு இத்தனை நாள் பட்டினியாகப் போயிருக்கிறோம்! சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சத்தமாகச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முழு உயிரோடு போனதும் நண்டின் ரகசியமும் தெரிந்தது. பாயும்போது விலகினால் சுவரில் மோதி மயங்கும், ஓடு திறந்துகொள்ளும். நான் விலகினேன். "இப்ப! இப்ப வெட்டு!" என்று அவர் தெருவுக்கே கேட்கக் கத்தினார். நண்டு செத்தது.

கேம் குவைத்துக்குப் போனது. அந்த வாரமே, கம்பெனியிலிருந்து அவர் ஆசையாகக் கொண்டுவந்திருந்த பீங்கான் ஜாடி என் கை தவறி அடுக்களையில் விழுந்து நொறுங்கியது. சத்தம் கேட்டு வந்து நின்றார். இனி எத்தனை நாளைக்குப் பேசமாட்டாரோ என்று நினைத்தேன்.

அவர் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள எதனா இருந்துச்சா?" என்றார்.