பெரிய மார்க்கெட்டில் திருடனாக ஓடியது

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் புதுச்சேரிக் கோர்ட்டில் அவன் சட்டம்தான் நடந்தது. கோர்ட்டுக் குமாஸ்தா வேலைக்காக அந்தக் குற்றவியல் சட்டத்தைக் கல்லூரியில் பிரெஞ்சிலேயே மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இந்தியச் சட்டம் வந்துவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான். எப்போது வரும் என்று ஒரு பயலுக்கும் தெரியவில்லை. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சட்டப்படி, நீதிபதி குற்றம் நடந்த இடத்துக்கே வந்து, நடந்ததைத் திரும்பச் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். அப்படி ஒருநாள் எங்கள் வகுப்பையும் பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார்கள். மீன்காரம்மாவின் சுருக்குப்பையைப் பறித்த வழக்கு. பிடிபட்டவன், "நான் எடுக்கவே இல்லீங்க, எதைச் செஞ்சு காட்றது?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நீதிபதி என்னைக் கைகாட்டினார்.

பையைப் பிடுங்கிக்கொண்டு வாசல்வரை ஓட வேண்டும், அவ்வளவுதான். வாசலில் என் கால் நிற்கவில்லை. கடற்கரைவரை ஓடிவிட்டுத்தான் திரும்பினேன்.

மூச்சிரைக்க வந்து நின்ற என்னைப் பார்த்துப் பிடிபட்டவன் சிரித்துவிட்டான். "நான்கூட இவ்ளோ வேகமா ஓடலையே!"

நீதிபதி உடனே அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவன் வழக்கு அதோடு முடிந்தது. நான் எதற்கு அப்படி ஓடினேன் என்றுதான் ஒருத்தரும் விசாரிக்கவில்லை.