ஒன்றை விட்டால் ஒன்றை அடை

என் வீட்டுக்காரர் தங்கராஜு முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினார். ஒரு நாள் தாமதமில்லை, ஒரு கீறல் இல்லை. இடது கண்ணில் புகை படர்ந்ததும் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதும் மனுஷன் கலங்கவில்லை. புறாக்கள்தான் இருக்கின்றனவே! அவை எனக்குச் சக்களத்திகள் என்று தேக்கா மார்க்கெட் முழுக்கத் தெரியும். எச்சத்தைச் சுரண்டியே என் ஒரு ஜென்மம் போய்விட்டது.

புக்கிட் பாத்தோக்கில் அப்போது நாங்கள் இருந்த நாலாம் மாடி வீட்டின் அடுப்படிச் சன்னல்தான் அவற்றின் வாசல். கடைசியாக மிஞ்சியது ஒரு ஜோடி. வெள்ளைச் சேவலுக்குச் சீனி என்றும், புள்ளி விழுந்த பெட்டைக்கு மிளகு என்றும் பெயர் வைத்ததும் நான்தான். திட்டுவதற்குப் பெயர் வேண்டாமா? மைலோ டின்னில் பச்சைப்பயறு போட்டுக் குலுக்கி இரை கொடுத்துப் பழக்கினார். பிறகு கீழே கார்ப்பேட்டையிலிருந்து விட்டுப் பார்த்தார். பிறகு அடுத்த பஸ் நிறுத்தம். கடைசியில் தேக்காவுக்குத் தானியம் வாங்கப் போகும்போது அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அங்கிருந்தே பறக்கவிடுவார். விட்டுவிட்டு ஒரு டீயோடு உட்கார்ந்திருப்பார். இரண்டும் சன்னலில் வந்து இறங்கியதும் நான் போனில் “வந்தாச்சு” என்று அனுப்ப வேண்டும். அது வந்த பிறகுதான் டீயைக் குடிப்பார். ஆறிப்போன டீ அவருக்கு அவ்வளவு இனிக்கும்!

போன வருடம் மகள் தாரணி, “நீங்க ரெண்டு பேரும் தனியா அங்க என்னம்மா பண்றீங்க, பக்கத்துல வந்துடுங்க லா” என்று பிடிவாதம் பிடித்தாள். பழைய வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலுக்கு வந்தோம். அவளுக்கு நாங்கள் வந்தது சந்தோஷம். இவருக்குத்தான் இது வீடாகவே இல்லை.

“பறந்தா பழைய வீட்டுக்குத்தான் போகும், சந்திரா. அதுங்க தலையில அந்தச் சன்னல்தான் எழுதியிருக்கு” என்று சொல்லி ஒன்பது மாதம் இரண்டையும் வெளியே விடவில்லை. இங்கேயும் அடுப்படிச் சன்னலோரம் கம்பிக்கூண்டு கட்டி, ஊரை வேடிக்கை பார்க்கவிட்டார். இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால் அந்தப் பாசத்தில் இது வீடாகும். அப்போதும் இரண்டையும் சேர்த்து விடக்கூடாது. ஒன்றை விட்டால் ஒன்றை அடைக்க வேண்டும். உள்ளே இருப்பதைத் தேடி வெளியே போனது திரும்பி வரும். இதைப் பூஜை மந்திரம் மாதிரி தினமும் சொல்வார். நான் காது கொடுத்தால்தானே?

குஞ்சு பொரித்தது. இரண்டு. மஞ்சள் மயிரும் மூடிய கண்ணுமாக, பார்க்கச் சகிக்காது. ஆனாலும் ராஜகுமாரர்கள் பிறந்த மாதிரி மனுஷன் வீட்டுக்குள் விரல் ஊன்றி நடந்தார். நாலாம் நாள் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, “நாளைக்குச் சீனிய மட்டும் விட்டுப் பாக்கப்போறேன்” என்றார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முகத்தில் ஒரு களை.

அந்தக் களைதான் என்னைக் கெடுத்தது. அவர் வருவதற்குள் நானே விட்டு, திரும்பி வந்ததும் “வந்தாச்சு” என்று அனுப்பினால் எப்படியிருக்கும்! கூண்டைத் திறந்து சீனியைக் கையில் எடுத்தேன். உள்ளேயிருந்து மிளகு என்னை ஒரு பார்வை பார்த்தது. முப்பத்துநாலு வருடம் தாலி சுமந்தவள் நான், என் கையால் ஒரு ஜோடியைப் பிரிப்பதா? பாவம் என்று தோன்றியது. இரண்டையும் விட்டேன்.

ஒரு வட்டம் அடித்தன. இன்னொரு வட்டம். அப்புறம் நூல் பிடித்த மாதிரி மேற்கே போய்விட்டன.

அரை மணி நேரம் வானத்தைப் பார்த்தபடி நின்றேன். காக்கைகள் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தன. குஞ்சுகளை அவருடைய பழைய துண்டில் சுற்றிவிட்டுச் சன்னலை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டேன்.

அவர் வந்ததும் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. மைலோ டின்னை எடுத்துக்கொண்டு, “வா, எனக்கு அண்ணாந்து பாத்தா தெரியாது” என்றார்.

“குஞ்சுங்க?”

“அதுங்களுக்குத் தாய் தொண்டையில ஊறுற பால்தான் சாப்பாடு. நீ இருந்து என்ன ஊட்டப்போற? சாயங்காலம் வரைக்கும் தாங்கும். வா.”

டாக்சியில் டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பழைய அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த வாரம் புறாக்களைப் பிடிக்கிறார்கள், யாரும் இரை போடாதீர்கள். அவருக்குப் படித்துச் சொன்னேன். கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரர் வேறு, “காலையில வந்து மயக்க மருந்து சோளம் போட்டு ஒரு மூட்டை அள்ளிட்டுப் போயிட்டாங்களே” என்றார்.

எங்கள் வீட்டை வாங்கிய பதுருன்னிசா கதவைத் திறந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

“அங்கிள், ஒம்போது மணிக்கு ரெண்டு வந்துச்சு. கண்ணாடிய கொத்திக்கிட்டே இருந்துச்சு, புள்ள பயந்துட்டான். இப்போ ஒண்ணுதான் இருக்கு.”

சன்னலுக்கு வெளியே சீனி. நடுவில் குழந்தைக்காகத் திருகாணி போட்டு முடுக்கிய வலை.

“ஸாரி லா ஆன்டி, எனக்குக் கழட்டத் தெரியாது. அவர் வேலைலேர்ந்து வரணும்.”

நாலு மணி வரை அந்த அடுப்படியில் நின்றோம். இவர் டின்னைக் குலுக்கினார். சீனி கண்ணாடியில் தலையை முட்டியது. குலுக்குவதை நிறுத்தினால் பறந்து கீழே போய்ச் சோளத்தில் வாய் வைத்துவிடும் என்று கை மாற்றிக் கை மாற்றிக் குலுக்கினார். “ஏங்க, கொஞ்சம் உட்காருங்க” என்றேன். காதில் விழவில்லை.

பதுருன்னிசாவின் புருஷன் வந்து வலையைக் கழற்றியதும் சீனி உள்ளே நடந்தது. நேராக, முன்பு அதன் கூட்டுப்பெட்டி இருந்த மூலைக்குப் போனது. அங்கே இப்போது துணி துவைக்கும் மெஷின். அதன் முன்னால் சுற்றிச் சுற்றி வந்தது. இவர் குனிந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பஸ் வேலை போன அன்றைக்கும் அழாதவர், அந்த மெஷின் முன்னால் நின்று அழுதார்.

மிளகு இல்லை. சீனியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு புளோக் புளோக்காகத் தேடினோம். புதரையெல்லாம் விலக்கி, கால்வாயைக்கூட எட்டிப் பார்த்தேன். புள்ளி விழுந்த எந்தப் புறாவைக் கண்டாலும் “அதோ!” என்பேன். அவர் டின்னைக் குலுக்குவார். அது இல்லை.

“வாங்க போலாம், குஞ்சுங்க இருக்கு.”

“இன்னும் ஒரே ஒரு புளோக், சந்திரா.”

அப்படி ஆறரை மணியானது. கடைசியில், “மூட்டையில போயிட்டா” என்று சொல்லி டின்னை மூடினார்.

பொங்கோலில் கதவைத் திறந்து முதலில் அடுப்படிக்கு ஓடியது நான்தான். விளக்கைப் போட்டேன். சாத்திய சன்னலுக்கு வெளியே, கண்ணாடியை ஒட்டி, இறக்கையை உப்பிக்கொண்டு மிளகு உட்கார்ந்திருந்தது.

எத்தனை வருடம் சலித்துக்கொண்டே அனுப்பிய வார்த்தை!

“வந்தாச்சுங்க” என்றேன்.

அவர் ஓடிவந்து தாழை இழுத்தார். மிளகு அவர் தோளை உரசிக்கொண்டு துண்டுக்குள் போனது. அவருக்கு அந்த வெளிச்சத்தில் கண் தெரியாது. சன்னல் விளிம்பைக் கையால் தடவினார். எச்சம். காய்ந்த எச்சத்தின் மேல் எச்சம், அதன் மேல் ஈர எச்சம்.

“காலையிலேயே திரும்பிட்டா. நாள் பூரா இங்கதான் நின்னுருக்கா” என்றார்.

ஒன்பது மாதமாக அவர் தவம் கிடந்ததே இதற்குத்தான். ஒரு புறா இந்தச் சன்னலைத் தேடி வர வேண்டும் என்பதற்கு. வந்தது. தாழ் போட்டவள் நான். “என்னை நாலு அடி அடிச்சிடுங்க” என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

துண்டுக்குள் குஞ்சுகள் இரண்டும் சில்லிட்டிருந்தன. மிளகு அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டையை ஏற்றி இறக்கி, அலகை அலகோடு முட்டியது. திறக்காத வாயை மறுபடி மறுபடி முட்டியது. நான் குஞ்சுகளை எடுக்கக் கை நீட்டினேன்.

“தொடாத. அவளா எந்திரிக்கட்டும்” என்றார். சீனியையும் பக்கத்தில் விட்டார்.

எழுந்திருக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் சன்னல் திறந்தே இருந்தது. மிளகு எங்கேயும் போகவில்லை.