மூன்று கட்டத்தில் ஆயிரமாவது ஆள்

1. எடைமேடையிலிருந்து போன்

சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன், தீவின் தெற்கே ஒரு சர்க்கரை ஆலையில், பஞ்ச் கார்டு அறையில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் இல்லை. அட்டையில் போட்ட துளைகளைப் படித்து எண்களை அச்சடிக்கும் டாபுலேட்டர்தான். அந்த இரும்பு மிருகத்துக்கு எழுத்து தெரியாது. அதனால் கரும்பு கொண்டுவரும் ஒவ்வொரு சிறு விவசாயிக்கும் ஒரு நம்பர். யார் எந்த நாளில் எத்தனை டன் கொண்டுவரலாம் என்ற பட்டியலில் பெயரே இருக்காது.

லாகூப் எனும் வெட்டுப் பருவத்தின் மூன்றாம் வாரம், காலையில் ஆலை கேட்டிலுள்ள எடைமேடையிலிருந்து, அங்கே கரும்பு நிறுக்கும் மர்தே போன் செய்தார். நாங்கள் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோலில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உன் மெஷின் என்னப்பா பண்ணி வச்சிருக்கு? ஒரு பொம்பள வண்டியோட நிக்குது. கையில சீட்டு இருக்கு, லிஸ்டுல ஆள் இல்ல. கேட்டை விட்டு நகரவும் மாட்டேங்குது."

"நம்பர் என்ன?"

"மூணு முட்டை."

அந்த நம்பரைக் கொடுத்தவனே நான்தான்.

2. என் புத்திசாலித்தனம்

அட்டையில் எண்பது கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை ஒரே ஓர் இலக்கத்தைத் துளைக்கலாம். விவசாயி நம்பருக்கு மூன்று. அதாவது 999 பேருக்குத்தான் இடம். அட்டையை வடிவமைத்த எங்கள் தலைவர் மிஸ்யே ரேமோன், "இந்த ஆலைக்கு ஆயிரம் பேரா? கனவு காணாதே" என்று சொல்லி, மீதிக் கட்டங்களை வேறு விவரங்களால் நிரப்பிவிட்டார். அவருக்கு எங்கள் சனங்களைத் தெரியாது. அப்பா கண்ணை மூடினால் இரண்டு ஆர்ப்பான் நிலம் நாலாகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி நம்பர் கேட்டு வந்து நிற்பார்கள்.

999 தீர்ந்த மறுநாள், ரிவியேர் தே ஸாங்கீ ஊரிலிருந்து சிவகாமி அக்கா வந்தார். அப்பா நிலத்தில் தன் பங்கை அண்ணன் மூத்தியேனோடு சண்டை போட்டு வாங்கியவர். பொம்பளைக்கு எதற்குத் தனி நம்பர், என் நம்பரிலேயே போடு என்றாராம் அண்ணன்.

"என் கரும்பு என் நம்பர்லதான் போகும், தம்பி" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 001இல்தானே தொடங்கினோம், 000 சும்மா கிடக்கிறதே என்று தோன்றியது. மிஸ்யே ரேமோனிடம் கேட்காமலே சீட்டு எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு என்னைவிட அறிவாளி இந்தத் தீவில் இல்லை என்ற நினைப்பு!

3. கேட்டில் நின்ற வண்டி

பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். அக்காவின் மூன்று டன் இருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. டாபுலேட்டர் முன்னால் வரும் பூஜ்யங்களை அடிக்காது. 007ஐ 7 என்றுதான் அடிக்கும். 000 என்றால் ஒன்றுமே அடிக்காது. நம்பர் இல்லாத வரி எங்கள் வழக்கப்படி கூட்டுத்தொகை. மர்தே அதைத் தாண்டிப் போய்விட்டார். தினமும் அட்டை துளைக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அதுதான் வெட்கம்.

கேட்டுக்கு ஓடினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் வெட்டிய கரும்பு. இன்னும் ஒரு நாள் போனால் சாறு கெட்டுவிடும். மூத்தியேன் அண்ணன் பக்கத்தில் நின்று, "பிடிவாதம் போதும், என் நம்பர்ல ஏத்து" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆயோ, காஞ்சு விறகாப் போனாலும் உன் நம்பர்ல போகாது!" என்றார் அக்கா.

"அக்கா, தப்பு என்னுது" என்றேன்.

"தப்பு யாருதுன்னு கரும்புக்குத் தெரியுமா தம்பி? போய் ஒரு வழி பண்ணிட்டு வா."

நேராக மிஸ்யே ரேமோனிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கத்தித் தீர்த்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டம்தான் தீர்ந்துபோச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் எண்களுக்கு மேல இன்னொரு துளைக்கு இடம் இருக்கே?"

எக்ஸ் துளை! முதல் கட்டத்தில் அது இருந்தால் நம்பருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் விழும்படி இருவரும் டாபுலேட்டரின் வயர்களை மாற்றிச் செருகினோம். அதே மூன்று கட்டம், இன்னும் 999 பேருக்கு இடம். அதில் முதல் நம்பர் அக்காவுக்கு. நண்பகலுக்குள் புதுப் பட்டியலோடு கேட்டுக்குப் போனேன்.

மர்தே உரக்கப் படித்தார்: "நட்சத்திரம் ஒண்ணு! வண்டிய ஏத்து!"

அக்கா பட்டியலை வாங்கித் தன் வரியைத் தேடிப் பார்த்தார். அப்புறம் அண்ணனுடைய வரியையும் தேடிப் பார்த்தார். அதில் வெறும் 412. அவர் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அன்று பசியே எடுக்கவில்லை.

பிற்காலத்தில் கம்ப்யூட்டர்கள் வந்தன. மெமரியில் இடம் இருந்தும் அதைக் குறிக்க இலக்கம் போதவில்லை என்று இளைஞர்கள் கையைப் பிசையும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆயிரமாவது ஆள் வரமாட்டார் என்று எதையும் கட்டாதீர்கள். அவர் வருவார், வண்டியோடு வருவார். காலியாகத் தெரிகிற இடத்தில் அவரைக் குடிவைக்கும் முன், அது ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருவரையாவது கேளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அடுத்த வாரம் மூத்தியேன் அண்ணன் என் ஜன்னலுக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தம்பி, எனக்கும் ஒரு நட்சத்திரம் போட்டுக் குடேன்."

"போடலாம் அண்ணே. ஆனா உங்க தங்கச்சிக்குப் பின்னாலதான் வரிசையில நிக்கணும்."