பானைக்குள் போன பேனா மூடி

பரீட்சை எழுத இருந்தது அத்தை. பயந்தது நான். என் சுபாவமே அப்படித்தான். காற்று பலமாக அடித்தால், மீனுக்குப் போன நைனா ஏரியிலிருந்து திரும்பி வருவாரா என்று பயப்படுவேன். திரும்பி வந்துவிட்டால் நாளைக்கும் இப்படி அடிக்குமோ என்று பயப்படுவேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பாதிக் காரணம் இந்தப் பயம்தான். மீதிப் பாதி கணக்கு வாத்தியார். அது வேறு கதை.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. எங்கள் குப்பத்திலேயே வாக்கப்பட்டவள். மாமா காய்ச்சலில் போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பே பொன்னேரியில் காலேஜ் முடித்தவள், இப்போது தபால் வழியில் எம்.ஏ. அரசியல் படிக்கச் சேர்ந்தாள். "மீன் விக்கிறதுக்கு எம்மே எதுக்கும்மா?" என்று அம்மா கேட்டதற்கு, "மீன் விக்கிற நேரத்துல படிக்கலையே அண்ணி, மத்த நேரத்துலதானே படிக்கிறேன்" என்றாள்.

அந்த வருஷம் ஒரே ஒரு தலைவரைப் பற்றி அவளுக்கு ஒரு முழுப் பாடம் வந்தது. அவருடைய தலைமை, அவருடைய அரசியல் சிந்தனை. நாட்டுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தவர். கோட்டும் கண்ணாடியுமாக, கையில் புத்தகத்தோடு ஊருக்கு ஊர் சிலையாக நிற்பவர்.

கருவாடு காயும் இடத்தில் காக்கா ஓட்டுவது என் வேலை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பாள். என் மண்டையிலும் காக்கைகளின் மண்டையிலும் சேர்ந்தே ஏறியது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் காலடியில் நம் சுதந்திரத்தைக் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது என்று அந்தத் தலைவர் எச்சரித்ததாக ஒரு பக்கம் வரும். அத்தைக்கு ரொம்பப் பிடித்த பக்கம். எனக்குப் பிடிக்கவே இல்லை. பெரியவர் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்றால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

எங்கள் ஏரியில் இறாலுக்கு நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடும் இடங்களில் ஆளுக்கொரு நாள் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். யார் முந்தி, யார் பிந்தி என்பதை ஊர்த் தலைவரான நாட்டார் கோயில் முன்னால் பானையில் குலுக்கி எடுப்பார். ஒவ்வொருவரும் தன் அடையாளமாக ஒன்றைப் பானையில் போடுவார்: ஒருவர் சோழி, ஒருவர் ஈயக்குண்டு, நைனா ஒரு செம்பு வளையம். பாடு கல்யாணமான ஆம்பிளைக்குத்தான். அவன் போய்விட்டால் அவன் பாடும் போய்விடும்.

ஆகவே அத்தையின் தலைவரை நான் என் வழியில் புரிந்துகொண்டேன். தேசம் என்பது ஒரு பெரிய குப்பம். இவர் அதற்குப் பாடு பிரித்துக் கொடுத்த நாட்டார். அவ்வளவுதான்.

ஒருநாள், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று அத்தை படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கல்யாணம் ஆன ஆம்பிளைங்களுக்கு மட்டும்தானே?"

"இன்னாது?"

"அந்த ஓட்டு."

அத்தை சிரித்த சிரிப்பில் காக்கா ஒன்று வந்து ஒரு கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. நான் விடவில்லை. "அப்ப பொம்பளைக்கும் உண்டா? புருஷன் செத்துட்டாலும் உண்டா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். தப்பாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பாடு போடும் நாள் வந்தது. காலையிலிருந்தே அம்மா முனகிக்கொண்டிருந்தாள். "ஊரை எதிர்த்துகினா நம்ம பாட்டையும் புடுங்கிப்பாங்க. அப்புறம் அந்த புஸ்தகத்தையா ஆக்கித் துன்றது?" அத்தை தலை வாரிக்கொண்டிருந்தாள். நைனா தன் பாட்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

கோயில் முன்னால் போட்ட பந்தலுக்குள் ஆண்கள். வெளியே, தள்ளி, பெண்களும் பிள்ளைகள் நாங்களும். நாட்டார் பானையை நடுவில் வைத்ததும், என் பக்கத்தில் நின்றிருந்த அத்தை விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, வழி தவறி வந்துட்டியா?" என்றார் நாட்டார்.

"இல்ல பெரியப்பா. பாடு கேக்க வந்தேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "எம்மே படிச்சவ வலை கட்டினா எறா தானா வந்து வுழுமா?"

"எறா படிப்பெல்லாம் பாக்காது மாமா. பாத்திருந்தா உங்க வலையில வுழுந்திருக்குமா?"

பந்தலே சிரித்தது. நாட்டாரும் சிரித்துவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. "உன் புருஷன் தங்கமான ஆளு. அவன் பேர்லயே ஒண்ணு போட்டுக்கலாம். உங்க அண்ணன் வலை கட்டட்டும், உன் பங்கை உனக்குக் குடுக்கட்டும். இன்னா சொல்றீங்க?" என்று கூட்டத்தைப் பார்த்தார். எல்லாத் தலையும் ஆடியது. என் தலையும் ஆடியது. சரி சொல்லு அத்தே, சரி சொல்லிட்டு வந்துடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"என் பேர்ல போடுங்க பெரியப்பா. ஆளு நானே வச்சிக்கிறேன். அண்ணனுக்கு அவர் பாடு கீது."

சிரித்த முகமெல்லாம் மாறிவிட்டது. நாட்டார் அத்தையை விட்டுவிட்டு நைனாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னாப்பா, உன் தங்கச்சி பேசுது. நீ சொல்லு. உன் வார்த்தைதான் எங்களுக்கு வார்த்தை."

நைனா பந்தல் கயிறு கட்டியிருந்த ஓரத்துக் காலில் சாய்ந்து, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல் அவருடையது. அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"சரின்னு சொல்லு, இல்ல வூட்டுக்கு இட்டுகினு போ. ரெண்டுல ஒண்ணு சொல்லேன்."

நைனா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ "ஊமையாயிட்டான்யா" என்றார். யாரோ "பொட்டை" என்றார். அதற்கும் அவர் அசையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடப் பிறந்தவள் அத்தனை பேர் நடுவில் தனியாக நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசினால் என்ன?

வேறு வழியில்லாமல் நாட்டார் மறுபடியும் அத்தையிடமே பேச வேண்டியதாயிற்று.

"யாரை வச்சிக் கட்டுவே?"

"எங்க கொழுந்தனாரை. பேசிட்டேன்."

"முறை தப்பினா ஊருக்கு யாரு பதில் சொல்றது?"

"நானு."

"தண்ணியில எதுனா ஆச்சின்னா?"

"அதுக்கும் நானுதான் பெரியப்பா. வேற யாரு?"

நாட்டார் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்தப் பருவத்துக்கு மட்டும்தான்" என்றார் நாட்டார், யாரையும் பார்க்காமல். "அடையாளம் இன்னா வச்சிருக்கே?"

அத்தை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்தது ஒரு நீலப் பேனா மூடி. அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சோழிக்கும் ஈயக்குண்டுக்கும் மேலே போட்டுப் பானையைக் குலுக்கினார். மூடி கடைசியாகத்தான் வந்தது. வந்தால் போதும் என்று பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். காலையில் முனகிய அம்மா குலவையே போட்டுவிட்டாள்.

எனக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ள முடியவில்லை. மத்தியானம் நைனா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அத்தையிடம் ஒட்டிக்கொண்டேன். அம்மா சோறு போட்டபடியே கேட்டுவிட்டாள்: "கல்லு மாதிரி நின்னுகினு இருந்தியே, ஒரு வார்த்தை பேசினா முத்து உதுந்துடுமா?"

"அவரை ஏன் அண்ணி சொல்றீங்க? நான்தான் வாயே தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்" என்றாள் அத்தை. "அண்ணன் சரின்னு சொல்லியிருந்தா அது அண்ணன் வாங்கிக் குடுத்த பாடாயிருக்கும்."

அண்ணன் மானத்தைக் காப்பாற்ற அத்தை பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். துணைக்குப் பேசாதே என்று யாராவது சத்தியம் வாங்குவார்களா? அத்தனை பக்கம் படித்தவள், இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லக் கூடாதா என்றுகூடத் தோன்றியது.

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நண்டின் காலை உடைக்க வலது கை மடங்காமல் சிரமப்பட்டார். அத்தை அதை வாங்கி உடைத்து, சதையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் கயிற்று முறுக்கு சிவப்பாக, தோல் உரிந்து பதிந்திருந்தது. காலையில் தோணியை இழுத்துக் கட்டியபோது பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் என் சோற்றைப் பிசைந்தேன்.

பாடு போடும் நாளில் எங்கள் குப்பத்தில் ஒருவரும் தோணியைத் தொடுவதில்லை.