குஷன் அக்காவின் கடைக்கு முதல் போட்டவர்

அன்று காலையிலிருந்து குஷன் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மோட்டார் சைக்கிள் சீட்டுக்கும் கிழிந்த சோபாவுக்கும் உறை தைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டியவளுக்கு, இரண்டு பஸ்ஸுக்கான மொத்தச் சீட்டும் ஆர்டராக வந்திருந்தது. பிடித்து வந்தவன் அவள் கணவன். அந்த பஸ் கம்பெனியில்தான் அவன் டிரைவர். முதலாளியிடம் என்ன சொன்னானோ, ஏது சொன்னானோ, ஒரு மாதத்தில் முடித்துக் கொடுத்தால் வேலை அவளுக்கே என்று தலையாட்ட வைத்துவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று பெற்ற தாயே சொன்னாள்.

வேலை வந்துவிட்டது, மெஷின் வர வேண்டுமே! அவளிடம் இருந்தது காலால் மிதிக்கிற பழைய தையல் மெஷின். பஸ் சீட்டுக்கான தடித்த ரெக்சினை இரண்டாக மடித்து அதில் கொடுத்தால் ஊசி படக்கென்று முறியும். கரண்டில் ஓடும் பெரிய மெஷின் வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்த கணவன் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

முதலில் பாங்குக்குப் போனார்கள். அதிகாரியம்மா நல்ல மாதிரி. ஆர்டரைப் பார்த்தார், கடையை வந்து பார்த்தார், கடன் தரலாம் என்றார். ஆனால் மாதாமாதம் நிச்சய வருமானம் உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். கணவனின் சம்பளம் ஏற்கெனவே வீட்டுக் கடனில் மாட்டியிருந்தது. மிச்சம் இருந்தது மாமியாரின் பென்ஷன் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள்.

"என் பென்ஷன்ல மட்டும் கை வைக்காதீங்க. நாளைக்கு இவ கட்டலைன்னா பாங்குக்காரன் என் கழுத்துல துண்டைப் போடுவான்" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ரெக்சின் கடைக்காரர் தானாகவே வந்தார். அக்கா வழக்கமாகத் துணி எடுக்கிற கடை அவருடையது. "எதுக்கும்மா பாங்க், வட்டி, தவணை? மெஷினுக்கு நான் பணம் போடறேன். லாபத்துல பாதி எனக்கு. லாபம் இல்லையா, ஒரு பைசா கேக்க மாட்டேன்" என்றார்.

கணவனுக்கு முகமெல்லாம் பல். கடன் என்றால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாம் தேதி தவணை வந்து நிற்கும். இவர் அப்படி நெருக்க மாட்டார். அக்காவும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடன் என்றைக்காவது ஒரு நாள் தீர்ந்துவிடும், பங்கு கடை இருக்கும் வரை இருக்கும். ஆனாலும் ஆர்டர் கைநழுவிப் போனால் பங்கு கேட்கக்கூட ஒன்றும் இருக்காதே! சரி என்று சொல்லிவிடும் முடிவோடுதான் அவரை மறுநாள் வரச் சொன்னாள். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் புது மெஷின் தடதடவென்று ஓடியது.

மறுநாள் அவர் வெறுங்கையோடு வரவில்லை. தன் ஆளை வைத்து மாதிரிக்கு ஒரு சீட் செய்து, தூக்கிவந்து கடை நடுவில் வைத்தார்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆர்டராக இருந்தாலும் முதல் சீட்டில் மாமியார் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தைப்பார்கள். முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவளுக்கு உட்காருவதன் அருமை தெரியும். குறை சொல்லாமல் அவள் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. முதுகில் இடிக்கிறது என்பாள், தொடையை அறுக்கிறது என்பாள். அக்கா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைப்பாள். ஆனால் அந்தக் கடைச் சீட் வேண்டுமென்று ஊரே தேடி வந்தது அதனால்தான்.

வழக்கப்படி மாமியார் காய்த் தட்டும் கத்தியுமாக வந்து மாதிரி சீட்டில் உட்கார்ந்தாள். பாதிக் காய் நறுக்குவதற்குள் நெளிந்தாள்.

"என்னடி இது, பலகையில உக்காந்த மாதிரி இருக்கு?"

அக்கா ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே அப்பளம் கனத்துக்குத்தான் ஸ்பாஞ்ச் இருந்தது.

"அண்ணே, இது ஒரு மாசத்துல அமுங்கிடும்" என்றாள்.

"அமுங்கட்டுமே! திரும்பவும் நமக்குத்தானே வேலை? இதுலதான் லாபமே இருக்கு. இந்தக் கிழவியை உக்கார வெச்சுப் பாக்கற கூத்தையெல்லாம் இன்னையோட நிறுத்திடு."

"என் கடையில அப்படித் தைக்கிறதில்லைண்ணே."

"உன் கடையா? பாதி என்னுது, ஞாபகம் வெச்சுக்கோ. வாயை மூடிட்டு, சொன்னதைத் தைக்கிற வேலையைப் பாரு."

அக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின், பஸ், ஆர்டர் எல்லாம் கண்முன்னே போவது தெரிந்தது. தெரிந்தே சொன்னாள்.

"உங்க பணம் வேணாம்ணே. சீட்டை எடுத்துட்டுப் போங்க."

"அப்புறம் எந்த மெஷின்ல தைப்பே?" என்று அவர் சிரித்தார். "திமிரைப் பாரு இவளுக்கு!"

காய்த் தட்டு தரையில் டங்கென்று இறங்கியது. மாமியார் எழுந்து நின்றிருந்தாள்.

"தம்பி, இவளை அதட்டறதுக்கு இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கேன். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அதட்டிட்டு இருக்கேன். அதுல பங்குக்கு எனக்கு ஆள் தேவையில்லை. சீட்டைத் தூக்கிட்டுக் கிளம்புங்க."

அவர் வாசல் தாண்டுவதற்குள் மகன் பக்கம் திரும்பினாள். "மரம் மாதிரி நிக்கறியே! பாங்க் எத்தனை மணிக்குத் திறப்பான்?"

அக்கா தரையிலிருந்த காய்த் தட்டை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள். இருபது வருஷமாகத் தனக்கு எதிர்க்கட்சி என்று நினைத்திருந்தவள் இவள்!

பாங்கில் மாமியார் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதிகாரியம்மாவைக் குடைந்து எடுத்துவிட்டாள். வட்டி எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன செய்வீர்கள், எல்லாம் கட்டி முடித்தபின் கடையில் உங்களுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா?

"ஒண்ணும் இல்லம்மா. கட்டி முடிச்சா கடை முழுக்க உங்க மருமகளோடதுதான்."

"அப்பச் சரி" என்று பேனாவை வாங்கினாள்.

மெஷின் வேனில் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், நாற்பது பேர் யோசனை சொன்னார்கள். அக்கா ரெக்சினை நாலாக மடித்து ஊசிக்குக் கீழே கொடுத்து காலை அழுத்தினாள். மெஷின் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி தைத்துக்கொண்டு போனது. அவள் சின்னப் பிள்ளை மாதிரி கத்தியே விட்டாள். கணவன் விசில் அடித்தான்.

சாயங்காலத்துக்குள் முதல் சீட் முடிந்தது. மாமியார் வந்து உட்கார்ந்தாள். காய் முழுவதும் நறுக்கி முடித்தாள். வெறும் தட்டோடு இன்னும் உட்கார்ந்தே இருந்தாள். அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"என்ன அத்தை, முதுகுல இடிக்குதா?"

"இடிச்சா சொல்ல மாட்டேனா? நான் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன். நீ என் மூஞ்சியைப் பாக்காம அடுத்ததைத் தைடி. என் பென்ஷனே அதுலதான் மாட்டிட்டு இருக்கு."

அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த ரெக்சினை மடித்தாள்.